நெல்வேலியும் அப்ப வீடும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயில் பாதையில், ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த ஸ்டேஷன் நாசரேத். முன்னது நம்மாழ்வார் அவதரித்த திருக்குருகூர். பின்னது, இயேசுநாதர் வளர்ந்த ஊரின் பெயரைத் தாங்கிய கிறிஸ்தவ ஊர். தாமிரவருணிச் சீமையில் இவ்விரண்டும் அண்டை வீட்டாரைப் போல் நிற்பதைக் கண்டு யாரும் வியப்பதில்லை. அப்பெயர்களின் பொருளைக் கேட்பவர்களும் அதிகம் இல்லை.

நம்மாழ்வாருக்கு மாறன் என்று ஒரு பெயருண்டு. பிறந்த குழந்தை அழாமலும் பாலுண்ணாமலும் உலக இயற்கைக்கு மாறாக இருந்தமையால் அப்பெயர் வந்தது என்பது வைணவப் பெரியோர் வழக்கு. நாசரேத் என்ற பெயரோ, 'நேட்செர்' என்னும் எபிரேயச் சொல்லின் வழி வந்ததென்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அதற்குத் தளிர் என்று பொருள். வெட்டுண்ட அடிமரத்தின் வேரிலிருந்து கிளைக்கும் தளிரைப் பற்றிப் பேசும்போது ஏசாயா தீர்க்கதரிசி ஆண்ட சொல் இதுவே.

எபிரேயப் பெயர்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. அவற்றுள் பல, தனிச் சொற்கள் அல்ல, முழு வாக்கியங்கள். 'ஏல்' என்றால் கடவுள். தானியேல் என்றால் 'கடவுளே என் நீதிபதி'. இம்மானுவேல் என்றால் 'கடவுள் நம்மோடு இருக்கிறார்'. முதிய வயதில் பிள்ளை பிறக்கும் என்று கேட்டுத் தாய் நகைத்தாள். பிறந்த மகன் 'நகைப்பான்' என்று பொருள்படும் ஈசாக்கு ஆனான். பாளையங்கோட்டைத் தெருக்களில் நாம் அன்றாடம் கேட்கும் எபெனேசர் என்ற பெயருக்கு 'உதவியின் கல்' என்று அர்த்தம். பெயரைச் சொல்லி அழைக்கும்போதெல்லாம், அழைப்பவர் அறியாமலே ஒரு பிரார்த்தனையையோ ஒரு சரித்திரத்தையோ சொல்லிவிடுகிறார்.

இப்பெயர்களை 'வெள்ளைக்காரப் பெயர்கள்' என்று சிலர் எண்ணுவது பொருந்தாது. அவை ஆசியாக் கண்டத்தில் பிறந்தவை. ஐரோப்பியரும் நம்மைப் போலக் கடன் வாங்கியவர்களே. யாக்கோபு ஆங்கிலேயர் நாவில் ஜேம்ஸ் ஆனார். யோவான், ஜான் ஆனார். நம்மவரோ ஒலியைக் கடன் வாங்கியதோடு நில்லாமல், பொருளையே தமிழாக்கிக் கொண்டார்கள். 'கடவுள் அருள் புரிந்தார்' என்னும் யோவான் கத்தோலிக்கத் தமிழில் அருளப்பர் ஆனார். நீலகண்ட பிள்ளை என்பவர் 1745-இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது ஏற்ற பெயர் லாசர். எலெயாசர் என்ற எபிரேயப் பெயரின் கிரேக்கக் குறுக்கம் அது; பொருள் 'கடவுள் துணை நின்றார்'. அதுவே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவருக்கு, 2022-இல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. பழைய பெயரை விட்டுவிடாமல் மதம் மாறியவரும் உண்டு. கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடியில் பிறந்து, பிற்காலத்தில் இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருஷ்ண பிள்ளை, கடைசி வரை கிருஷ்ண பிள்ளையே.

ஊர்ப் பெயருக்கு வருவோம். வேதபட்டர் என்னும் அந்தணர், இறைவன் அமுதுக்கென்று யாசித்த நெல்லை உலர வைத்துவிட்டு நீராடச் சென்றார். பெருமழை பிடித்துக்கொண்டது, நெல்லைச் சுற்றி மட்டும் நீர் புகாமல் இறைவன் வேலி கட்டினான். இது திருநெல்வேலித் தல புராணம். இயேசுநாதர் பிறந்த பெத்லகேமுக்கு எபிரேயத்தில் 'அப்ப வீடு' என்று பொருள். ஒன்று நெல்லுக்கு வேலி. மற்றொன்று அப்பத்துக்கு வீடு! எந்த நாட்டிலும் மனிதனின் முதற் கவலை ஒன்றேயன்றோ?

ஆனால் வேதாகமம் இன்பப் பெயர்களோடு நிற்பதில்லை. அந்த அப்ப வீட்டிலேயே ஒருகாலத்தில் பஞ்சம் வந்தது என்று ரூத்தின் சரித்திரம் தொடங்குகிறது. பிழைக்கப் போன நகோமி, அயல்நாட்டில் கணவனையும் இரண்டு ஆண் மக்களையும் பறிகொடுத்து ஊர் திரும்பினாள். நகோமி என்றால் இனியவள். 'இனி என்னை அப்படி அழைக்காதீர்கள். கசப்பு என்று பொருள்படும் மாராள் என்றே அழையுங்கள்' என்று ஊர்ப் பெண்களிடம் அழுதாள். அவர்களோ கதையை எழுதியவரோ அப்பெயரை ஏற்கவில்லை. இறுதிவரை அவள் நகோமியாகவே இருக்கிறாள். மருமகளின் குழந்தையை அவள் மடியில் ஏந்துவதோடு அவள் துயரம் தணிகிறது.

ராகேலின் வரலாறும் இத்தகையதே. பிரசவ வேதனையில் உயிர் பிரியும் தருணத்தில், பிறந்த மகனுக்குப் பெனொனி, அதாவது 'என் துயரத்தின் மகன்' என்று பெயரிட்டாள். தந்தை யாக்கோபு அதை ஒப்பவில்லை. 'வலக்கரத்தின் மகன்' என்று பொருள்படும் பென்யமீன் என மாற்றினார். தாயின் துக்கம் உண்மையானதே. ஆயினும் அச்சுமையைப் பிள்ளை ஆயுள் முழுவதும் சுமக்க வேண்டியதில்லை என்று தந்தை கருதினார் போலும்.

நம் நாட்டிலும் துயரம் பெயராவது உண்டு. பிறந்த குழந்தைகள் தொடர்ந்து இறந்த வீட்டில், அடுத்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும் அழைத்தார்கள், பிச்சை என்றார்கள். எப்படியாவது இது பிழைக்க வேண்டும் என்னும் ஆசையே அவற்றின் உட்பொருள். ஆனால் பெண்ணுக்குமேல் பெண் பிறந்த வீட்டில் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் இட்ட பெயர்களுக்கு எந்த அன்பைப் பொருளாகச் சொல்வது?

ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலும் அப்படி ஒரு பெண் குழந்தை உண்டு. ஜனங்களின் குற்றத்துக்கு அடையாளமாக அவளுக்கு இடப்பட்ட பெயர் லோருகாமா: 'இரக்கம் பெறாதவள்'. அவள் தம்பி லோகம்மீ: 'என் ஜனமல்ல'. அடுத்த அதிகாரத்திலேயே அந்த 'லோ' என்ற மறுப்புச் சொல் நீக்கப்படுகிறது. அவள் ருகாமா, 'இரக்கம் பெற்றவள்' ஆகிறாள்; தம்பிக்குரியது அம்மீ, 'என் ஜனம்' ஆகிறது. ஓர் எழுத்தை எடுத்தவுடன் சாபம் ஆசீர்வாதமாகிவிடுகிறது.

பெற்றோர் குழந்தைக்கு அளிக்கும் முதல் சொத்து பெயர். வேண்டாமென்று மறுக்க அதற்கு வாயில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் நாள்தோறும் வருகைப் பதிவேட்டைத் திறந்து உரக்க அழைக்கும்போது, 'வேண்டாம்' என்ற பெயருக்கு 'உள்ளேன் ஐயா' என்று எழுந்து நிற்க வேண்டியவள் அந்தச் சிறுமியே. பேரூரிலோ சிற்றூரிலோ இன்றும் அத்தகைய பெயரைச் சுமப்பவள் இருந்தால், அரசிதழில் அறிவித்து மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. யாக்கோபு செய்ததை எந்தத் தந்தையும் செய்யலாம். நகோமியின் அண்டை வீட்டார் செய்ததை எந்த ஊரும் செய்யலாம்.