கிடாவைத் தயார்ப்படுத்துவதே பெரிய வேலை

உயர்ந்த கிடா ஒன்றின் விந்தகத்திலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து இன்னொரு கிடாவுக்குச் செலுத்தினால், வாங்கிக்கொண்ட கிடா கொடுத்த கிடாவின் விந்தணுக்களை உண்டாக்கும். 1994இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் பிரின்ஸ்டர் குழுவினர் சுண்டெலியில் இதைச் சாதித்தார்கள். 2003இல் வெளியான ஆய்வில் வெள்ளாட்டுக்குட்டியும் பிறந்தது. சினை ஊசி போட வழியில்லாத பரந்த மேய்ச்சல் மந்தைகளுக்கு இது பெரும் வாய்ப்பு.

ஆனால் வாங்கும் கிடாவின் விந்தகம் காலியாக இருப்பதில்லை. அதன் சொந்த ஸ்டெம் செல்கள் இடத்தைப் பிடித்திருக்கும். அவற்றை அகற்ற வேண்டும். அவற்றைப் பேணி வளர்க்கும் செர்டோலி செல்களுக்குச் சேதம் வரக்கூடாது. களை சாக வேண்டும், மண் கெடக்கூடாது.

எலிக்குப் புசல்ஃபான் மருந்து போதும். ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் இம்மருந்து எலும்பு மஜ்ஜையையும் விட்டுவைப்பதில்லை. ஆடுமாடுகளுக்கு விந்தகம் காலியாகுமளவு கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. பன்றியில் சாமர்த்தியமான ஒரு வழி கண்டார்கள்: சினையின் கடைசிக் கட்டத்தில் தாய்க்கு மருந்து கொடுத்து, வயிற்றிலிருக்கும் ஆண் குட்டிகளின் செல்களைக் குறைத்தார்கள். ஆட்டுக்குட்டிக்கு விந்தகத்தில் மட்டும் கதிர்வீச்சு.

வயது இதில் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. வளர்ந்த விலங்கில் செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுகித் தடுப்பாக நிற்கும். செலுத்திய செல் அதை ஊடுருவி விந்துக்குழாயின் ஓரச் சுவரை அடைந்தால்தான் பிழைக்கும். பருவமடையாத குட்டியில் அந்தத் தடுப்பு இன்னும் எழுந்திருக்காது. ஆனால் அப்போது செர்டோலி செல்களும் பெருகிக்கொண்டிருப்பதால், மருந்தும் கதிரும் அவற்றையும் தாக்கும்.

செலுத்துவதிலும் நிதானம் வேண்டும். ஆட்டிலும் மாட்டிலும் விந்துக்குழாய்கள் ஒன்றுசேரும் வலை விந்தகத்தின் நடுவே ஆழத்தில் இருக்கிறது. ஸ்கேன் திரையில் ஊசிமுனையைப் பார்த்தபடியே அங்கே கொண்டுபோய், செல் கலந்த திரவத்தை மெல்ல இறங்கவிடுகிறார்கள்.

எனக்குப் பெரிய பாய்ச்சலாகத் தெரிவது மரபணுத் திருத்தம்தான். நானோஸ்2 மரபணுவை கிரிஸ்பர் முறையில் முடக்கினால், ஆண் விலங்கின் விந்தகத்தில் விந்தணுவுக்கு மூலமான செல்கள் நிலைப்பதில்லை. மற்ற அமைப்பெல்லாம் ஒழுங்காக இருக்கும். மருந்தும் வேண்டாம், கதிரும் வேண்டாம். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஓட்லி குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பிறந்த பன்றியும் வெள்ளாடும் கொடையாளியின் விந்தணுக்களை உண்டாக்கின.

திருத்தம் வாங்கும் விலங்கோடு நின்றுவிடுகிறது. விந்தணு கொடையாளியுடையது என்பதால் குட்டிக்குப் போவதில்லை. அப்படிப் பிறக்கும் குட்டியைத் திருத்தப்பட்ட விலங்காகக் கருதக் கூடாது என்பதே என் கருத்து.