பூட்டு கம்ப்யூட்டருக்கு, பாதுகாப்பு நோயாளிக்கு

கம்ப்யூட்டர் வலைப்பின்னலுக்குள் யார் நுழைகிறார்கள் என்பதும் சிகிச்சை சம்பந்தப்பட்ட விஷயமே என்று உணர்த்துகிறது திருவனந்தபுரத்தின் அனுபவம்.

2024 ஏப்ரல் இறுதியில் திருவனந்தபுரத்தில், ஆர்.சி.சி. எனப்படும் மண்டலப் புற்றுநோய் மையத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை ஸ்தம்பித்தது. மெஷின்கள் பழுதாகவில்லை. மையத்தின் கம்ப்யூட்டர் வலைப்பின்னலுக்குள் ஊடுருவல்காரர்கள் புகுந்துவிட்டார்கள். 1981ல் தொடங்கப்பட்ட இந்த மையத்துக்குக் கேரளத்தினர் மட்டுமல்ல, கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழர்களும் சிகிச்சைக்கு வருகிறார்கள்.

கதிர்வீச்சு ஒரே நாளில் முடிகிற சமாச்சாரம் அல்ல. பெரும்பாலும் வாரம் 5 நாள் வீதம் பல வாரங்கள் தொடர வேண்டும். இடைவெளி நீண்டால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் மீண்டும் பெருகத் தொடங்கும். எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு கதிர் என்ற கணக்கோ கம்ப்யூட்டரில். அது முடங்கினால் டாக்டரின் கையும் கட்டப்படுகிறது.

இது முதல் எச்சரிக்கை அல்ல. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் இதே கதிக்கு ஆளானது. 5 சர்வர்களும் சுமார் 1.3 டெராபைட் தகவல்களும் முடக்கப்பட்டன. ஊழியர்கள் பேனாவுக்கும் பேப்பருக்கும் திரும்பினார்கள். வலைப்பின்னலைச் சரியானபடி தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. அதாவது, வாசலைத் தாண்டியவன் அறை அறையாகப் போக முடிந்தது.

பரிகாரம் எளிதாகத்தான் தோன்றுகிறது. பில் போடுபவருக்குக் கட்டண விவரம் மட்டும். லேப் ஊழியருக்குப் பரிசோதனை விவரம் மட்டும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கு அன்றே ரத்து. யார், எப்போது, எதைத் திறந்தார் என்பதற்குப் பதிவு. இந்தப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது.

சிக்கல் நடைமுறையில்தான். நள்ளிரவில் நோயாளி மூச்சுத் திணறும்போது, அனுமதி கேட்டுக் காத்திருக்க எந்த டாக்டருக்கும் நேரமில்லை. ஒரே பாஸ்வேர்டை வார்டு முழுவதும் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் பிறப்பது இப்படித்தான். பிறகு பதிவில் பெயர் இருக்கும், ஆள் யாரென்று தெரியாது. இதற்கு ஒரு நடுவழி உண்டு. அவசரத்தில் டாக்டர் தன் பெயரிலேயே எந்த நோயாளியின் விவரத்தையும் திறக்கலாம். ஆனால் காரணத்தைக் குறிப்பிட வேண்டும். பிற்பாடு அது தணிக்கைக்கு வரும்.

மருந்து அலமாரியின் சாவி யாரிடம் என்று கேட்டால் எந்த மருத்துவமனையும் உடனே சொல்லிவிடும். சர்வரின் சாவி யாரிடம் என்ற கேள்விக்கும் அதே வேகத்தில் பதில் வர வேண்டும்.