தாகூரின் 1,39,157 பக்கங்கள்

எழுதியதை அப்படியே விட்டுவைக்க ரவீந்திரநாத் தாகூருக்கு மனம் வராது. அடிப்பார், மாற்றுவார், அடித்த கோடுகளை இணைத்து ஏதாவது ஒரு பறவையையோ பூதத்தையோ வரைந்துவிடுவார். பத்திரிகையில் வெளியான பிறகும் புத்தகத்துக்காகத் திருத்துவார். அடுத்த பதிப்பில் மறுபடியும் திருத்தம்.

இந்தப் பிரதிகளையெல்லாம் ஒரே இணையதளத்தில் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிடவும் வழிசெய்ய வேண்டும். கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட வேலை இதுதான். தாகூரின் 150ஆவது பிறந்த ஆண்டையொட்டி மத்திய கலாசார அமைச்சகம் நிதி கொடுத்தது. ஷேக்ஸ்பியர் அறிஞரான சுகாந்த சௌதுரி பொறுப்பேற்றார். ஏறத்தாழ இரண்டு ஆண்டு உழைப்புக்குப் பின் 2013இல் 'பிசித்ரா' பிறந்தது. (நம் விசித்திரம்தான், வங்காளிகள் வாயில் 'வ' 'ப' ஆகிவிடுகிறது.) தாகூர் எழுத்துகளின் காப்புரிமை 2001 இறுதியில் முடிந்திருந்ததும் வசதியாகப் போயிற்று.

கையெழுத்துப் பிரதிகள் 47,520 பக்கங்கள், அச்சானவை 91,637. இவ்வளவையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பொறுமை சார்ந்த விஷயம். எப்படி அடுக்குவது என்பதில்தான் தலைவலி. ஒரே நோட்டுப் புத்தகத்தில் பல கவிதைகள் இருக்கும். ஒரே கவிதை பல நோட்டுகளில் சிதறிக் கிடக்கும். சில பிரதிகள் சாந்திநிகேதனில், சில அமெரிக்காவின் ஹார்வர்டில். பக்கத்தை வைத்துப் பட்டியலிட்டால் கவிதை சிதறிவிடும். கவிதையை வைத்துப் பட்டியலிட்டால் நோட்டு சிதறிவிடும். இரண்டு வழியிலும் வாசகர் போய்ச் சேர வேண்டும்.

'கீதாஞ்சலி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1910இல் வந்த வங்காள நூலில் 157 பாடல்கள். 1912இல் வந்த ஆங்கில நூலில் 103. ஆனால் ஆங்கிலப் பாடல்களில் சுமார் பாதிதான் வங்காள கீதாஞ்சலியிலிருந்து வந்தவை. மற்றவை வேறு தொகுப்புகளைச் சேர்ந்தவை. பெயர் ஒன்று, புத்தகம் இரண்டு. தலைப்பை மட்டும் நம்பி இணைப்புக் கொடுக்கும் தளம் இங்கே வாசகரைத் தப்பான பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். இதை நிரல் எழுதுபவர் கண்டுபிடிக்க முடியாது, வங்க இலக்கியம் படித்தவர் சொல்ல வேண்டும். சொன்னதைச் செய்ய முடியுமா என்பதை நிரலாளர்தான் சொல்ல வேண்டும். பெரிய தளம் என்றதும் வண்ணத்தையும் பளபளப்பையும் பற்றிப் பேசுகிறவர்கள், இரு தரப்பையும் முதலில் ஒரே மேஜையில் உட்கார வைக்க மறந்துவிடுகிறார்கள்.

படமாக எடுத்த பக்கத்தில் கம்ப்யூட்டரால் சொற்களைத் தேட முடியாது. அடித்தல் திருத்தல் நிறைந்த கையெழுத்தை இயந்திரத்திடம் படிக்கக் கொடுப்பதும் வீண். ஆட்களே உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். அதன் பலன் 'பிரபேத்' என்ற ஒப்பீட்டு நிரலில் தெரிகிறது. பிரபேத் என்றால் வேறுபாடு. இரண்டு பிரதிகளைக் கொடுத்தால் முதலில் அத்தியாயம், பிறகு பத்தி, கடைசியில் சொல் என்று மூன்று நிலைகளில் மாற்றங்களைக் காட்டுகிறது.

தளத்தைக் கட்டிய கதையையும் அந்தக் குழு 2015இல் ஆங்கிலத்தில் தனிப் புத்தகமாக வெளியிட்டது. வேறொரு மொழியில் வேறொரு கவிஞருக்கு இதைச் செய்ய நினைப்பவர்கள் ஆரம்பத்திலிருந்து தடுமாற வேண்டியதில்லை.