ஹண்டரின் மூன்று கஜம்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுபவர்களிடம் ஹண்டர் என்றால் ஒரு இளக்காரம் உண்டு. கூட வரும் மிருகம் அடி வாங்கும், இவர் தூரத்தில் நின்று அம்பு விடுவார், தனியாளாகவே லெவல் ஏறிவிடலாம். சோம்பேறிகளுக்கான கிளாஸ் என்பார்கள். அதே ஹண்டர், இன்னொரு மனிதர் ஆடும் வாரியரிடம் மாட்டினால் கதையே வேற. காரணம் ஒரு சின்னக் கழித்தல் கணக்கு.

2004 நவம்பரில் வந்த முதல் பதிப்பில், அம்பு விட எதிரி குறைந்தது 8 கஜம் தள்ளி இருக்கணும். கைச்சண்டை ஆயுதம் எட்டுவது 5 கஜம். நடுவில் மிச்சம் 3 கஜம். எதிரி அங்கே நின்றால் வில்லும் உதவாது, கோடாலியும் உதவாது. இதற்குப் பெயர்தான் டெட் ஸோன். வாரியருக்கும்தானே எட்டாது என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் அவர் ஒரு எட்டு முன்னால் வைத்தால் போதும். நாம்தான் விலகி ஓடணும்.

சாதாரண ஓட்டம் வினாடிக்கு 7 கஜம். பின்பக்கமாகவே நடந்தால் 4.5தான், அதனால் திரும்பி ஓடியே ஆகணும். விங் க்ளிப் போட்டால் எதிரியின் வேகம் குறையும். பாதி என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 3.5 கஜம் இடைவெளி கிடைக்கிறது, ஒரு வினாடிக்குள் டெட் ஸோனைத் தாண்டிவிடலாம். ஆனால் வாரியரிடம் ஹாம்ஸ்ட்ரிங் என்று அதே வகை வெட்டு இருக்கு. ரெண்டு பேருமே நொண்டினால் இடைவெளி பூஜ்யம். எப்படியோ 8 கஜம் தாண்டினாலும், பாய்ந்து வர அவருக்கு இன்டர்செப்ட் உண்டு. அதற்கான குறைந்தபட்ச தூரமும் அதே 8 கஜம்! (இதை வடிவமைத்தவருக்கு ஹண்டர் மேல் என்ன கோபமோ.)

இதோடு லேக் வேறு. தகவல் சர்வருக்குப் போய்வர 300 மில்லிவினாடி ஆகிறது என்றால், அதற்குள் எதிரி 2 கஜம் ஓடியிருப்பார். மொத்த டெட் ஸோனே 3 கஜம்தான் என்பதை மறக்கவேண்டாம்.

தப்பிக்க இருந்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃப்ரீஸிங் டிராப் எதிரியை உறைய வைக்கும், ஆனால் அப்போது சண்டைக்கு நடுவில் பொறி வைக்க முடியாது. ஃபெய்ன் டெத் போட்டு செத்த மாதிரி விழுந்தால் சண்டை முடிந்ததாக சர்வர் நம்பும். அந்தக் கணத்தில் காலடியில் பொறி. மிருகம் கடித்துக்கொண்டே இருந்தால் சர்வர் நம்பாது, அதை முதலில் திரும்பக் கூப்பிடணும். எதிரி மேல் ஸெர்பென்ட் ஸ்டிங் விஷமும் ஓடக்கூடாது, அது உறைந்தவரை எழுப்பிவிடும். இத்தனையும் நாலைந்து வினாடிக்குள். நம்ம தொழிலில் இதைத்தான் வொர்க்அரவுண்ட் என்போம்.

2007 இறுதியில் வந்த 2.3 பேட்ச், அம்பின் குறைந்தபட்ச தூரத்தை 5 கஜமாக்கியது. 2012-இல் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். கழித்தல் கணக்கோடு, நல்ல ஹண்டரையும் சுமாரான ஹண்டரையும் பிரித்துக் காட்டிய இடமும் போய்விட்டது என்பது என் கட்சி. 2019 ஆகஸ்டில் க்ளாஸிக் வந்தபோது பழைய 8 கஜமும் கூடவே வந்தது. அங்கே போகிறவர்கள் முதலில் விங் க்ளிப்பை விரலுக்கு எட்டும் கீயில் வைத்துக்கொள்ளுங்கள்.