காற்றின் திசையையும் குறித்துவைத்த படங்கள்

யூஜேன் பூதேன் (1824–1898)
தாளில் பேஸ்டல், நார்மண்டிக் கடற்கரை, பிரான்ஸ்

மாலுமியின் மகனான பூதேன், ஒன்ஃப்ளர் துறைமுக நகரில் பிறந்தவர். கடற்கரையில் நின்று, வானத்தைப் பார்த்துப் பார்த்து பேஸ்டலில் வரைந்தார். கடலோ கரையோ பெரும்பாலும் தாளின் அடியில் ஒரு கீற்றுதான், மற்றதெல்லாம் மேகம்.

1859இல் அவரிடம் இத்தகைய படங்களை நூற்றுக்கணக்கில் கண்ட கவிஞர் போதலேர் வியந்து எழுதினார். ஓரத்தில் தேதி, நேரம், காற்று ஆகியவை குறிக்கப்பட்டிருந்தன. அந்தக் குறிப்பைக் கையால் மறைத்தாலும் பருவத்தையும் பொழுதையும் படமே சொல்லிவிடும் என்பது போதலேரின் கருத்து. இளம் ஓவியர் மோனேயை வெளியில் வந்து வரையத் தூண்டியவரும் பூதேன்தான்.

ஏன் பேஸ்டல்?
நிறத்தூளில் சிறிதளவு பசை சேர்த்துச் செய்த குச்சி இது. எண்ணெய் வேண்டாம், தூரிகை வேண்டாம், உலரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சில நிமிடங்களில் கலைந்துவிடும் மேகத்தைப் பிடிக்க இந்த வேகம் தேவைப்பட்டது.

அருகில் சென்று பாருங்கள்
குச்சியைப் படுக்கவைத்து இழுத்த இடங்களில் தாளின் சொரசொரப்பு தெரியும். விரலால் தேய்த்த இடங்களில் நிறம் புகைபோல் பரவியிருக்கும்.

தூள் தாளின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கிறது, அதிர்ந்தால் உதிரும். அதனால்தான் கண்ணாடி படத்தைத் தொடாதபடி சட்டமிடப்படுகிறது. நிறமும் தாளும் மங்காமலிருக்க விளக்கொளி குறைக்கப்பட்டுள்ளது.