ரமணாசிரமத்து எடிட்டிங் மேசை: எட்டிப் பார்ப்போமா?

திருவண்ணாமலை பற்றி யார் கட்டுரை எழுதினாலும் முதல் வரி என்னவாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ‘பஞ்சபூதத் தலங்களில் அக்னித் தலமாக விளங்கும்...’ சரிதானே? அடுத்த வரியில் ராஜகோபுரம் 217 அடி. அதற்கடுத்து கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். எல்லாம் உண்மை. எல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே வாசகருக்குத் தெரிந்தவை!

இதே ஊரில் அருமையான எழுத்துப் பட்டறை ஒன்று நடந்திருக்கிறது. போர்டு கிடையாது, கட்டணம் கிடையாது. நடத்தியவர் யார் தெரியுமா? ரமண மகரிஷி! மௌனத்துக்குப் பேர்போனவர், கையில் ப்ரூஃப் கிடைத்துவிட்டால் வரிவரியாகத் திருத்துவார், அடிப்பார், மாற்றி எழுதுவார். செங்கம் சாலை ஆசிரமத்தின் இந்தப் பக்கத்தைப் பலர் பார்த்ததில்லை. வாங்க, சத்தம் போடாமல் உள்ளே நுழைவோம்.

கேள்வி இருக்கா?

முதலில் ஆசிரமத்துக்கும் முந்தைய ஒரு காட்சி. 1901-ஐ ஒட்டிய காலம். மலைமேல் விருபாட்ச குகை. தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை மேலே ஏறி வருகிறார். தத்துவம் படித்தவர், கேள்விகளோடு வந்திருக்கிறார். எதிரே இருபதைத் தாண்டிய இளைஞர் ரமணர், பேசமாட்டார். பதில்களை மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டுகிறார். மணலில் விரலால் எழுதுகிறவர் அடைமொழியா அடுக்கிக்கொண்டிருப்பார்? எல்லாம் நறுக்!

நீங்களும் உங்கள் கட்டுரை பதில் சொல்லப்போகும் கேள்வியை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். ‘கார்த்திகை தீபம்’ என்பது வெறும் தலைப்பு. ‘2,668 அடி உயர மலையின் உச்சிக்குத் தீபம் ஏற்றும் கொப்பரை எப்படிப் போகிறது?’ என்பது கேள்வி. இதைக் கேட்டதுமே யாரிடம் பேச வேண்டும், எங்கே போய் நிற்க வேண்டும் என்று கால் தானாகக் கிளம்பிவிடும்.

பேட்டியைப் பிரித்துக் கட்டு

அந்தக் கேள்வி பதில்கள்தாம் ‘நான் யார்?’ என்ற சிறுநூலாக 1923-இல் அச்சேறின. கதை அத்தோடு முடியவில்லை. ரமணரே பிறகு உட்கார்ந்து, கேள்விகளைக் கழற்றிவிட்டு, பதில்களை ஒரே ஓட்டமான கட்டுரையாக்கினார். தொடக்கத்துக்குப் புதிதாக ஒரு பத்தியும் எழுதிச் சேர்த்தார். அந்தப் பத்தி எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள்: துன்பமில்லாத சந்தோஷம் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது என்ற இடத்தில்! தத்துவம் பின்னால் வரட்டும், முதலில் வாசகரின் ஆசையைத் தொடு. என்ன கெட்டிக்காரத்தனம்!

ஒரு கிசுகிசுவும் உண்டு. ‘நான் இதுவல்ல, அதுவல்ல’ என்று அந்நூலில் வரும் நீண்ட பட்டியல், விளக்கத்துக்காகப் பிள்ளை தாமே சேர்த்தது என்று ரமணர் பின்னாளில் குறிப்பிட்டதாக அடியார் வட்டாரத்தில் சொல்வார்கள். பேட்டி எடுப்பவர்களே, கவனம்! உங்கள் விளக்கம் உங்கள் வாயிலிருந்தே வரட்டும்.

கத்தரிக்கோல் எங்கே?

1928. நாற்பது வெண்பாக்கள் கொண்ட ரமணரின் ‘உள்ளது நாற்பது’ உருவாகிக்கொண்டிருக்கிறது. அதுவரை அங்கங்கே எழுதிய 21 செய்யுள்கள் கையில் இருக்கின்றன. கூடவே அடியாரும் கவிஞருமான முருகனார், தூண்டுவதும் வரிசைப்படுத்துவதும் அவர் பங்கு. பாதிக் கிணறு தாண்டியாயிற்று, இன்னும் 19 எழுதினால் போதும் என்றுதானே நாமெல்லாம் நினைப்போம்? இவர்கள் ஒன்றை நுழைப்பதும் இன்னொன்றை எடுப்பதுமாக இருந்து, கடைசியில் அந்த 21-இல் நூலுக்குள் நின்றவை மூன்றே மூன்று! கழித்தவற்றில் பல, பிறகு அனுபந்தத்தில் இடம்பிடித்துக்கொண்டன.

ஆக, அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு வரியைக் காப்பாற்றாதீர்கள். வெட்டி வேறொரு ஃபைலில் போட்டுவையுங்கள். அதற்கும் ஒரு நாள் வரும்.

மூட்டு தெரியக் கூடாது

இதுதான் எனக்கு உச்சபட்சக் குஷி! வெண்பாவின் ஈற்றடி மூன்று சீரோடு நின்றுவிடும். ‘உள்ளது நாற்பது’ நூலின் நாற்பது வெண்பாவை ஓதினால் நாற்பது இடத்தில் நிற்க வேண்டும். ரமணர் என்ன செய்தார்? ஒவ்வொரு ஈற்றடியிலும் சில இணைப்புச் சொற்களைக் கூட்டி நான்கு சீராக்கி, அடுத்த பாட்டோடு கோத்துவிட்டார். முழுநூலும் ஒரே கலிவெண்பா!

நம் பத்திகளுக்கும் அந்தச் சின்ன இணைப்பு போதும். ‘இது ஒருபுறமிருக்க’, ‘இந்நிலையில்’ என்று சிமென்ட் பூச வேண்டாம். போன பத்தியின் கடைசி விஷயத்தில் ஒரு நூலை எடுத்து அடுத்ததைத் தொடங்குங்கள்.

யாருக்கு எழுதறீங்க?

1945 நவம்பரில் ரமணரின் அடியாரான சூரி நாகம்மா தம் அண்ணனுக்குத் தெலுங்கில் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். இன்று ஆசிரம ஹாலில் யார் வந்தார், என்ன கேட்டார், பகவான் ரமணர் எதற்குச் சிரித்தார் என்று தேதி போட்டு எழுதினார். வீணாகும் காகிதத்தைக்கூட ரமணர் எப்படிச் சேர்த்துத் தைத்து நோட்டாக்குவார் என்பது போன்ற சங்கதிகள் அந்தக் கடிதங்களில் கொட்டிக் கிடக்கின்றன. பெரிய சொற்பொழிவுகள் தப்பவிட்ட மனிதரை அவை பிடித்துவைத்திருக்கின்றன.

‘அன்பார்ந்த வாசகர்களே’ என்ற கூட்டத்தைக் கலைத்துவிட்டு, உங்கள் அண்ணனையோ அத்தையையோ எதிரே உட்காரவைத்துக்கொண்டு எழுதுங்கள். “அப்புறம் என்ன ஆச்சு?” என்று அவர் கேட்காத பத்தியைத் தயங்காமல் அடித்துவிடுங்கள்!