அலையில் நகர்வது எது?

ஓரிடத்தில் நில்லாது திரிவதைத் தமிழில் ‘அலைதல்’ என்கிறோம். அரபியில் அலையைக் குறிக்கும் ‘மவ்ஜ்’ என்னும் சொல்லும் கொந்தளித்துப் புரளுதல் என்னும் வினையோடு உறவுடையது. இரு மொழிகளும் அசைவையே சுட்டுகின்றன. ஆனால் அலையில் நகர்ந்து செல்வது எது? இவ்வினாவுக்கு விடை காண்பது வெறும் ஏட்டறிவு அன்று. மாமல்லபுரம் போன்ற கடற்கரைகளில் வாழ்வோர்க்கு அது உயிர் காக்கும் அறிவாகும்.

செங்கல்பட்டின் கொளவாய் ஏரியில் ஒரு கல்லை எறிந்தால் சிற்றலைகள் வட்டமாக விரிகின்றன. நீர்மேல் மிதக்கும் சருகோ அவற்றோடு கரைக்குச் செல்வதில்லை. இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. நகர்வது நீரன்று, கல் நீருக்கு அளித்த ஆற்றலே. ஒவ்வொரு நீர்த்துளியும் அவ்வாற்றலை அடுத்த துளிக்குக் கைமாற்றிவிட்டு, ஏறத்தாழத் தன் இடத்திற்கே மீள்கிறது.

அலையின் மேட்டை முகடு என்றும் பள்ளத்தை அகடு என்றும் கூறுவர். அடுத்தடுத்த இரு முகடுகளின் இடைத்தூரம் அலைநீளம். ஒரு முகடு கடந்தபின் மறுமுகடு வந்தடையும் காலம் அலைவு நேரம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் அலையின் வேகம் கிடைக்கும்.

காற்று எழுப்பும் கடலலை ஒன்றின் அலைவு நேரம் 8 விநாடி எனில், ஆழ்கடலில் அதன் அலைநீளம் சுமார் 100 மீட்டர் ஆகும். அதில் பாதியளவு ஆழத்திற்குக் கீழே அதன் அசைவு ஏறக்குறைய இல்லை. கரையை நெருங்குகையில் அவ்வசைவு தரையைத் தொடுகிறது. வேகம் குறைகிறது, அலைநீளம் சுருங்குகிறது, உயரம் கூடுகிறது. இறுதியில் முகடு கவிழ்ந்து நுரைக்கிறது. சாய்வாக வரும் அலையின் கரையோர முனை முதலில் வேகம் இழப்பதால், அலை வளைந்து கரைக்கு இணையாகத் திரும்புகிறது. இவ்வளைவினால் கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனைகளில் ஆற்றல் குவிகிறது. மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் பாறைக்கற்களால் அரண் அமைத்திருப்பது இத்தகைய அலைத்தாக்குதலைத் தாங்குவதற்கே.

ஆழிப்பேரலையின் இயல்பு வேறு. 2004 டிசம்பர் 26 அன்று, இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்திராவுக்கு அப்பால் கடல்தரை பெயர்ந்தது. தரை முதல் மேற்பரப்புவரை நீர் முழுவதும் அசைந்தது. இத்தகைய நெடிய அலையின் வேகத்தைக் கடலின் ஆழமே தீர்மானிக்கிறது: 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல், 10 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். நடுக்கடலில் அதன் உயரத்தைச் செயற்கைக்கோள் அளந்தபோது சுமார் 60 சென்டிமீட்டரே இருந்தது. கப்பலில் செல்வோர் அதை உணர்ந்திருக்கவும் இயலாது. இரண்டரை மணி நேரத்தில் அது நம் கரையை அடைந்தது. கரையில் வேகம் தளர்ந்து உயர்ந்தபின் அது வெறும் அசைவாக நிற்கவில்லை; பல நிமிடங்கள் தொடர்ந்து நிலத்துள் பாயும் வெள்ளமாயிற்று. அதன் ஓட்டம் மணலை அரித்துச் சென்றதால், மாமல்லபுரத்தில் புதைந்திருந்த பாறைச் சிற்பங்கள் வெளிப்பட்டன.

அன்று மாமல்லபுரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கியதையும், நீருக்கடியில் கிடந்த பாறைகள் வரிசையாகத் தெரிந்ததையும் நேரில் கண்டோர் கூறினர். உள்வாங்கிய கடல் என்பது கரையை வந்தடைந்த அகடே. அதன் பின்னால் முகடு வந்துகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். இரு முகடுகளுக்கு இடையே பல நிமிடங்கள் கழிவதால் கடல் அடங்கிவிட்டதாக மனம் மயங்குகிறது. வெறுமையான கடல்தரையை வேடிக்கை பார்க்க இறங்கிப் பல நாடுகளில் மாண்டோர் உண்டு.

எனினும் உள்வாங்கலையே ஒரே அடையாளமாக நம்பலாகாது. அன்று தாய்லாந்துக் கரையை அகடு முதலில் அடைந்தது. நம் கரையை முகடே முதலில் அடைந்தது. ஆகவே கடல் திடீரென ஏறினாலும் இறங்கினாலும் உடனே மேட்டு நிலம் சேர்வதே அறிவுடைமை. முதல் அலையே பெரியதாக இருக்கவேண்டும் என்பதுமில்லை. ஆதலால் ஓர் அலை ஓய்ந்தவுடன் திரும்பலாகாது.

2007 அக்டோபர் முதல் ஐதராபாத்திலுள்ள எச்சரிக்கை மையம் கடலைக் கண்காணித்து வருகிறது. ஆயினும் அலையின் இயல்பைப் பள்ளிப் பருவத்திலேயே நம் பிள்ளைகள் அறிந்திருப்பது, எந்த எச்சரிக்கை மணிக்கும் முந்திய பாதுகாப்பாகும்.